காலைக் கோப்பியும் தைராய்டு மாத்திரையும்

கேள்வி: அம்மாவுக்கு 61 வயசு, எஸ்டேட்ல ரப்பர் பால் மரம் வெட்டுனவங்க. தைராய்டு கம்மின்னு 3 வருசமா மாத்திரை சாப்புடுறாங்க. இப்ப என்னன்னா கொலஸ்ட்ரால் எறங்கவே மாட்டேங்குது, படி ஏறுனா மூச்சு வாங்குது, மொகம் வேற வீங்குது. தைராய்டு கழுத்துல தானே இருக்கு, இருதயத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?
மகள், சுங்கை சிப்புட்

பதில்: நெறைய சம்பந்தம் இருக்கும்மா. இருதயம் வேகமா அடிக்கிறதும் மெதுவா அடிக்கிறதும் அந்த தைராய்டு ஹார்மோனையும் பொறுத்துதான் இருக்கு. அது கம்மியானா துடிப்பு மெதுவாகும், ரத்தக்கொழா இறுகி கீழ் பிரஷர் ஏறும், ஈரல் கெட்ட கொலஸ்ட்ரால ரத்தத்துலேர்ந்து இழுக்கிறதும் கொறஞ்சிடும், அதனால தைராய்ட கவனிக்காம கொலஸ்ட்ரால் மாத்திரைய மட்டும் கூட்டிக்கிட்டே போனா தசைவலிகூட வரலாம்.

அம்மா அந்த மாத்திரைய எப்படிப் போடுறாங்கன்னு நாளைக்குக் காலையில பக்கத்துல நின்னு பாருங்க. நான் எஸ்டேட் கிளினிக்ல மிஸ்ஸியா, அதான் நர்ஸா இருந்தப்ப ஒரு பாட்டி, விடியக்காலை வேலைக்கு ஆள் எண்ணுற பிரட்டுக்குப் போன காலத்துப் பழக்கம், சுடச்சுட கோப்பிய சாசர்ல ஊத்தி ஆத்தி அந்தக் கோப்பியிலயே மாத்திரைய முழுங்குவாங்க, கூடவே கால்சியம் மாத்திரையும். தவறாம சாப்புடுறேனேன்னு அவங்க சொன்னது உண்மைதான், ஆனா பாதி மருந்து ஒடம்புல சேரவே இல்ல. வெறும் வயித்துல பச்சத்தண்ணியில போட்டு, அரை மணியிலேர்ந்து ஒரு மணி நேரம் கழிச்சுதான் கோப்பி, பசியாறல் எல்லாம். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைக்கு 4 மணி நேரம் தள்ளணும். டப்பாவ அடுப்புப் பக்கம் வைக்காதீங்க, சூடு பட்டா வீரியம் போயிடும்.

பத்தலன்னு நீங்களா ஒரு மாத்திரை கூட்டிடாதீங்க, தயவுசெஞ்சு. வயசானவங்களுக்கு ஹார்மோன் அதிகமானா இருதயம் தாறுமாறா அடிக்க ஆரம்பிக்கும், அதுல ரத்தம் கட்டி மூளைக்குப் போனா பக்கவாதம். டாக்டருங்களே கொஞ்சங்கொஞ்சமா கூட்டி, 6லேர்ந்து 8 வாரத்துக்கு ஒரு தடவ ரத்தம் எடுத்து, தைராய்டு சரியா இருக்கான்னு காட்டுற டிஎஸ்எச் டெஸ்ட் பண்ணிப் பார்ப்பாங்க.

மூச்சு வாங்குறதுக்கு தைராய்டு மட்டுந்தான் காரணம்னு நான் இங்க உக்காந்து சொல்ல முடியாது, இந்த வாரமே கவர்மெண்ட் கிளினிக்குக் கூட்டிட்டுப் போயி ஈசிஜியும் டிஎஸ்எச்சும் எடுக்கச் சொல்லிக் கேளுங்க. நெஞ்சு வலி வந்தாலோ படுத்தா மூச்சு முட்டுனாலோ காத்திருக்காம 999க்கு போன் பண்ணி ஆம்புலன்ஸ கூப்புடுங்க. போறதுக்கு முன்ன அம்மா சும்மா உக்காந்திருக்கிறப்ப மணிக்கட்டுல நாடிய ஒரு முழு நிமிஷம் எண்ணுங்க, 60க்குக் கீழ இருந்தா அதையும் டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.