எம்.மெட் ஆய்வுக்கு மருந்துச் சோதனை இப்போது வேண்டாம்

வணக்கம் தம்பி. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வார்டு வேலையோடு எம்.மெட் என்ற மருத்துவ மேற்படிப்புப் படிக்கிறீர்கள், காசநோயும் சர்க்கரையும் சேர்ந்தவர்களிடம் புது மருந்துச் சோதனை நடத்தும்படி வழிகாட்டி சொல்கிறார், ஒப்புக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். டர்பனிலும் வுலிண்ட்லேலாவிலும் நடந்த காப்ரிசா 004 என்ற எச்ஐவி தடுப்பு ஜெல் சோதனையில் 889 பெண்கள் இருந்தார்கள். 2007இல் தொடங்கி 2010இல்தான் முடிவு வெளிவந்தது, அதுவும் பெரிய குழு உழைத்து. புது மருந்து என்றால் நெறிமுறைக் குழு மட்டும் போதாது, நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான சாப்ராவின் அனுமதியும் வேண்டும்.

கேள்வியை விடாதீர்கள், அளவைச் சுருக்குங்கள். காசநோய்க்குச் சேர்ந்தவர்களில் எத்தனை பேருக்குச் சர்க்கரை பார்த்திருக்கிறார்கள்? பழைய கோப்புகளே பதில் சொல்லும். ஆனால் அனுமதி கைக்கு வரும்முன் ஒரு கோப்பிலிருந்துகூடத் தகவல் எடுக்காதீர்கள். எடுத்தபின் கேட்டால் கிடைக்காது. மாகாணச் சுகாதாரத் துறையின் ஒப்புதல் தனி. புள்ளியியலாளரை இப்போதே பாருங்கள். அனுமதி வந்ததும் முதல் இருபது கோப்புகளில் உங்கள் படிவத்தை நிரப்பிப் பாருங்கள். எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் ரத்தச் சோதனை) கட்டம் பாதிக்கு மேல் காலியாக இருந்தால் கேள்வியையே திருத்த வேண்டிவரும்.

அப்புறம், வழிகாட்டியிடம் சொல்லத் தயங்குகிறீர்கள். கேள்வி, கோப்பு எண்ணிக்கை, மாதவாரித் திட்டம் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதி நேரில் கொடுங்கள். "சோதனைக்கு முன்னால் இந்தக் கணக்கு நமக்குத் தேவை, ப்ராஃப்" என்று சொன்னால் போதும்.