பி.இ. முடித்துவிட்டு ஏன் வங்கிக்கு வருகிறீர்கள்?

கேள்வி: நான் தென்காசி மாவட்டம் புளியங்குடியைச் சேர்ந்தவள். 2021-ல் பி.இ. மெக்கானிக்கல் முடித்தேன். ஓசூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒன்றரை வருடம் வேலை பார்த்துவிட்டு, வங்கித் தேர்வுக்காக அதை விட்டுவிட்டேன். இரண்டு முறை முதன்மைத் தேர்வில் கோட்டை விட்டு, இந்த முறை பொதுத்துறை வங்கி அதிகாரிகளுக்கான ஐ.பி.பி.எஸ். பி.ஓ. முதன்மைத் தேர்வில் தேறியிருக்கிறேன். மூன்று வாரத்தில் நேர்காணல். அப்பா எலுமிச்சை மண்டியில் கணக்கு எழுதுகிறார், அம்மா மகளிர் குழுவில் இருக்கிறார். ‘இன்ஜினீயரிங் படித்துவிட்டு ஏன் வங்கி?’ என்று கேட்டால் என்ன சொல்வது? இடைவெளியை எப்படிச் சமாளிப்பது? என் ஆங்கிலம் சுமார்தான்.

பதில்: முதலில் மதிப்பெண் கணக்கைப் பார்த்துவிடலாம், பாதி பயம் அதிலேயே போய்விடும். நேர்காணலுக்கு 100 மதிப்பெண். பொதுப் பிரிவுக்கு 40, ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு 35 எடுத்தால் தேர்ச்சி. இறுதிப் பட்டியல் போடும்போது முதன்மைத் தேர்வுக்கு 80 பங்கு, நேர்காணலுக்கு 20 பங்குதான். அதாவது நீங்கள் ஏற்கெனவே சம்பாதித்தது பத்திரமாக இருக்கிறது. ஆனால் அந்த 20-க்குள் கிடைக்கும் ஒன்றிரண்டு மதிப்பெண்ணில்தான் ஒருவர் உள்ளே வருவதும் இன்னொருவர் வெளியே நிற்பதும் நடக்கிறது. அதனால் அலட்சியமும் வேண்டாம்.

பணியில் இருந்த காலத்தில் சில வருடங்கள் நேர்காணல் மேசைக்கு அந்தப் பக்கம், கேள்வி கேட்பவராக உட்கார்ந்திருக்கிறேன். ஒருவருக்குக் கிடைப்பது பத்துப் பதினைந்து நிமிடம். எங்கள் கையில் இருப்பது நீங்கள் நிரப்பிக் கொடுத்த விவரத் தாள் மட்டும்தான். ஊர், படிப்பு, பார்த்த வேலை, அப்பாவின் தொழில், பொழுதுபோக்கு. கேள்விகளில் பெரும்பாலானவை அதிலிருந்துதான் முளைக்கும். பலரும் நடப்பு நிகழ்வுகளை மூட்டை மூட்டையாகப் படித்துவிட்டு வந்து, சொந்த ஊரைப் பற்றிக் கேட்டால் விழிப்பார்கள். ‘புத்தகம் படிப்பது’ என்று எழுதிவிட்டு, கடைசியாகப் படித்த புத்தகத்தின் பெயர் தெரியாமல் தவித்தவர்கள் எத்தனை பேர்! உங்கள் தாளின் நகலை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியையும் சந்தேகக் கண்ணோடு பாருங்கள். மூன்று வாரத்தில் முதல் வாரம் இதற்கே போகட்டும்.

‘ஏன் வங்கி?’ என்பதற்குப் பயிற்சி மையங்கள் சொல்லிக்கொடுக்கும் பதில்கள் மூன்று: சிறு வயதிலிருந்தே ஆசை, வேலைப் பாதுகாப்பு, சமூகத்துக்குச் சேவை. காலையில் இருந்து இருபது பேர் இதையே சொல்லியிருப்பார்கள். ஒருமுறை ஒரு பையன் ‘சிறு வயதிலிருந்தே’ என்று ஆரம்பித்ததுமே என் பக்கத்தில் இருந்தவர் அவனுடைய தாளில் அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

உங்களுக்கு இந்த மூன்றும் தேவையே இல்லை. பதில் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. அம்மாவின் குழு மாதா மாதம் எவ்வளவு சேமிக்கிறது, வங்கிக் கடன் எவ்வளவு வாங்கியிருக்கிறது, தவணை எத்தனை, யாராவது கட்ட முடியாமல் போனால் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று இன்றைக்கே உட்கார்ந்து கேளுங்கள். குழுவின் நோட்டை வாங்கிப் பாருங்கள். தமிழ்நாட்டில் மகளிர் குழுத் திட்டம் 1989-ல் தருமபுரியில் தொடங்கியது, குழுக்களை வங்கியோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தை ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு 1992-ல் ஆரம்பித்தது என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். அடமானம் இல்லாத பன்னிரண்டு பெண்களுக்கு வங்கி ஏன் கடன் தருகிறது என்பதை உங்கள் அம்மாவின் நோட்டை வைத்தே உங்களால் சொல்ல முடிந்தால், அந்த அறையில் யாரும் தாளைப் புரட்ட மாட்டார்கள்.

அப்புறம் அப்பாவின் மண்டி. புளியங்குடி என்றாலே எலுமிச்சை என்று ஊருக்கே தெரியும், அதனால் அது பற்றிய கேள்வி வந்தே தீரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘ஒரு எலுமிச்சை வியாபாரி கடன் கேட்டு வருகிறார், என்ன பார்ப்பீர்கள்?’ இதற்கு அப்பாவிடம் ஒரு மணி நேரம் பேசினாலே போதும். எந்த மாதம் விலை ஏறும், எப்போது விழும், விவசாயிக்கு முன்பணம் யார் கொடுக்கிறார்கள், வெளியூர் வியாபாரி எத்தனை நாள் கழித்துப் பணம் அனுப்புகிறார். வாங்குவதற்கும் பணம் திரும்பி வருவதற்கும் நடுவில் இருக்கும் அந்த நாட்களுக்குத்தான் நடைமுறை மூலதனக் கடன் தேவைப்படுகிறது. பாடப் புத்தகம் பத்துப் பக்கத்தில் சொல்வதை நீங்கள் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

மெக்கானிக்கல் படிப்பைத் தப்பு செய்தவர் போல மறைக்காதீர்கள். அதே ஊரில் ஒருவர் ஊறுகாய் ஆலை போட இயந்திரக் கடன் கேட்கிறார் என்றால், விலைப்புள்ளியில் எழுதியிருக்கும் குதிரைத்திறன் அந்த உற்பத்திக்குத் தேவையா, அந்த இயந்திரம் எத்தனை வருடம் தாங்கும், கடன் முடியும்வரை ஓடுமா என்று உங்களால் யோசிக்க முடியும். வணிகவியல் படித்த அதிகாரி இதற்கு வெளியாளைத்தான் கேட்க வேண்டும். ‘படித்தது வீணாகிவிட்டதே’ என்று ஒருவர் சீண்டினால் இதைச் சொல்லுங்கள், போதும்.

இடைவெளி விஷயத்தில் சமாளிப்பு வேண்டாம், உண்மையைச் சொல்லிவிடுங்கள். வேலையை விட்டேன், இரண்டு முறை தவறினேன், மூன்றாவது முறை தேறினேன். அடுத்து ஒரு கேள்வி வரும்: ‘போன முறை ஏன் தவறினீர்கள்?’ இதற்குக் குறிப்பான பதில் இருக்க வேண்டும். தரவுப் பகுதியில் நேரம் போதவில்லை, மாதிரித் தேர்வு எழுதி அதைச் சரிசெய்தேன் என்பது போல. நேரம் சரியில்லை, கேள்வித்தாள் கடினம் என்றெல்லாம் போகாதீர்கள். ஓசூர் வேலையைப் பற்றியோ அங்கிருந்த மேலதிகாரியைப் பற்றியோ ஒரு வார்த்தை குறையாகச் சொல்லக் கூடாது.

சரி, ஆங்கிலம். கேள்விகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும், ஆனால் உச்சரிப்புக்கு யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை. மாட்டிக்கொள்வது மனப்பாடம் செய்தவர்கள்தான். நடுவில் ஒரு சொல் மறந்துபோனால் மொத்தமும் நின்றுவிடும். சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். தினமும் ஒரு தலைப்பை எடுத்து, கவுன்டருக்கு வந்த ஒருவருக்கு விளக்குவது போல இரண்டு நிமிடம் பேசி, கைப்பேசியில் பதிவு செய்து கேளுங்கள். முதல் மூன்று நாள் கேட்கவே பிடிக்காது. பத்தாவது நாள் வித்தியாசம் தெரியும். தெரியாத கேள்விக்கு ‘சாரி சார், ஐ டோண்ட் நோ’ என்று சிரித்த முகத்தோடு சொல்லலாம். இரண்டு மூன்று கேள்விகள் அப்படிப் போனால் குடி முழுகிவிடாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி அளந்துவிட்டால்தான் ஆபத்து, பணம் கையாளும் இடத்தில் அந்தக் குணத்தைத்தான் முதலில் கழிப்பார்கள்.

வங்கிப் பாடத்தையும் கவுன்டரில் நிற்கும் ஆள் கேட்கும் கேள்வியாகவே படியுங்கள். நகைக் கடனை எடுத்துக்கொள்வோம். ஒரு அக்கா லட்ச ரூபாய் பெறுமானமுள்ள சங்கிலியைக் கொண்டுவந்து, வீட்டுச் செலவுக்குக் கடன் கேட்கிறார். எவ்வளவு கொடுக்கலாம்? முன்பு 75 விழுக்காடு என்று இருந்தது. 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகளின்படி, இரண்டரை லட்சம் வரையுள்ள கடனுக்கு 85, ஐந்து லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. இந்த விதிகளுக்கு வங்கிகள் மாற 2026 ஏப்ரல் 1 வரை அவகாசம் தரப்பட்டது. தங்கம் விலை சரிந்தால் வங்கிக்கு என்ன ஆகும், மொத்தமாகக் கடைசியில் கட்டும் கடனில் வட்டியையும் ஏன் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று கேள்வி அதற்கடுத்து நீளும். இதே போல, தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் அது வாராக்கடன், வங்கி மூழ்கினால் ஒருவருக்கு வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை காப்பீடு, சிறு தொழிலுக்கான முத்ரா கடனின் வகைகள் ஆகியவற்றைப் பாருங்கள். ரெப்போ விகிதத்தை, அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டி விகிதத்தை மட்டும் நேர்காணல் அன்று காலையில் ஒருமுறை சரிபாருங்கள், அது மாறிக்கொண்டே இருக்கும்.

விருப்பப் பட்டியலில் முதலில் போட்ட வங்கியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்கட்டும். இந்தியன் வங்கி என்றால், 1906-ல் சென்னையில் அர்பத்நாட் என்ற ஆங்கிலேயர் நிதி நிறுவனம் திவாலாகி ஆயிரக்கணக்கானோர் பணத்தை இழந்த பிறகு, சுதேசி உணர்வில் 1907-ல் பிறந்தது. ஐ.ஓ.பி. (இந்தியன் ஓவர்சீஸ் வங்கி) என்றால், 1937-ல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் திறக்கப்பட்டது. இப்படி ஒரு கதை போதும், கிளைகளின் எண்ணிக்கையெல்லாம் வேண்டாம்.

‘பீகாரில் போட்டால் போவீர்களா?’ போவேன். விண்ணப்பிக்கும்போதே அதற்குச் சம்மதித்துத்தானே கையெழுத்துப் போட்டீர்கள், தயங்க வேண்டாம். உடை பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கட்டிப் பழகிய பருத்திச் சேலையோ சுடிதாரோ போதும், அன்றைக்கென்று புதுச் செருப்பு மட்டும் போடாதீர்கள்.

இனி, நன்றாகத் தயாரானவர்களைக்கூட வாசலிலேயே அழவைக்கும் சமாச்சாரம்: சான்றிதழ். பி.சி., எம்.பி.சி. என்று தாசில்தார் கொடுத்த மாநிலச் சாதிச் சான்றிதழ் இங்கே செல்லாது. நீங்கள் ஓ.பி.சி. என்று விண்ணப்பித்திருந்தால், மத்திய அரசு படிவத்தில், வளமான பிரிவைச் சேராதவர் என்ற வாசகத்தோடு வேண்டும். எந்தத் தேதிக்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும் என்பதை அறிவிப்பில் பாருங்கள். நான்கு வருடத்துக்கு முந்தையதைக் கொண்டுவந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்தது நம் ஊர் இன்ஷியல் தொல்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்குப் பின்னால் ஒரு எழுத்து, ஆதாரில் அதுவே அப்பாவின் முழுப் பெயர், பட்டத்தில் இன்ஷியல் முன்னால் என்று இருந்தால் சரிபார்ப்பவர் நிறுத்திவைப்பார். அழைப்புக் கடிதத்தில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் இன்று இரவே மேசையில் பரப்பி ஒப்பிட்டுவிட்டு, எது சரியில்லையோ அதை எடுத்துக்கொண்டு நாளைக் காலை இ-சேவை மையத்துக்குப் போய்விடுங்கள். தாசில்தார் அலுவலகத்தில் எத்தனை நாள் ஆகும் என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது.