பக்கத்துத் தறிச் சத்தம்: இரட்டைக் கண்ணாடி வாங்கும் முன்

வணக்கம். பக்கத்து விசைத்தறிக் கூடம் ராத்திரி ஷிப்ட் ஓடுவதால் தூக்கமில்லை, ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கொஞ்சம் பொறுங்கள். சத்தம் காற்று வழியா, தரை வழியா என்று முதலில் தெரிய வேண்டும்.

தறி ஓடும்போது ஜன்னலைத் திறந்துவைத்து அறைக்குள் சத்தத்தை அளந்து பாருங்கள். பிறகு அடைத்து, ஜன்னல் இடுக்குகளில் டேப் ஒட்டி மறுபடி அளந்து பாருங்கள். 10 டெசிபலுக்கு (சத்தத்தின் அளவு) மேல் இறங்கினால் காற்று வழி. இரண்டு மூன்றுதான் இறங்குகிறது, சுவரில் கை வைத்தால் அதிர்கிறது என்றால் அஸ்திவாரம் வழியாக வருகிறது. அதற்குக் கண்ணாடி உதவாது. தறிக்கால்களுக்கு அடியில் எடைக்கேற்ற அதிர்வுதாங்கி ரப்பர் வைக்க வேண்டும். ரொம்பக் கெட்டியான ரப்பர் அமுங்காது, அதிர்வை அப்படியே தரைக்குக் கடத்திவிடும்.

காற்று வழியென்றால் தறிக்கூடத்தின் சுவருக்கும் கூரை ஷீட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். சுவர்ப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, எவ்வளவு தடிமன் சுவரும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. அதைச் செங்கல் வைத்துப் பூசச் சொல்லுங்கள். அடைத்தால் உள்ளே வெக்கை ஏறும். அதனால் காற்றுப்போக்கி வேண்டும்; அதற்கு உட்புறம் ராக்வுல் (பாறை இழைப் பஞ்சு) பதித்த, வளைவுள்ள குழாய் தேவை. சத்தத்தைத் தடுக்கச் சுவரில் முட்டை அட்டை ஒட்டுவது வீண்.

பேச்சில் தீராவிட்டால் புகார்தான். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை வரம்பு 45 டெசிபல். அதைவிட 10 கூடினால் புகார் கொடுக்கலாம். உங்கள் தெரு தொழிற்பகுதி என்று வகைப்படுத்தப்பட்டிருந்தால் இரவு வரம்பு 70 டெசிபல். அதை முதலில் விசாரியுங்கள்.