ஆர்.ஓ. தண்ணீருக்கு மாறிய பிறகு கப்பி மீன்கள் நெளிகின்றனவா?

வெறும் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுவதை இன்றோடு நிறுத்துங்கள். போர் தண்ணீரைக் கலந்து ஊற்றுங்கள். ஆர்.ஓ. மெஷினில் கோளாறா என்று கேட்டிருந்தீர்கள். கோளாறு இல்லை, அது தன் வேலையைக் கொஞ்சம் அதிகமாகவே செய்திருக்கிறது.

டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவு, போர் தண்ணீரில் 1200, ஆர்.ஓ.வில் 50 என்கிறீர்கள். 50-ல் கால்சியமும் கார்பனேட்டும் கிட்டத்தட்டக் காலி. கப்பிக்கோ கடினத் தண்ணீர்தான் ஒத்துவரும். தாங்கிப் பிடிக்க கார்பனேட் இல்லாததால் பிஎச் (அமில-கார அளவு) சரிந்திருக்க வேண்டும். துடுப்பை மடக்கிக்கொண்டு, நின்ற இடத்திலேயே உடம்பை நெளிப்பதாகச் சொன்னீர்களே, அது பெரும்பாலும் இதனால்தான்.

பக்கெட்டில் ஒரு மக் போர் தண்ணீருக்கு மூன்று மக் ஆர்.ஓ. கலந்து அளந்து பாருங்கள். டிடிஎஸ் 340 பக்கம் வரும், போதும். ஆனால் தொட்டியில் தினம் பத்தில் ஒரு பங்குதான் மாற்ற வேண்டும். பிஎச் சட்டென்று ஏறினால், தொட்டியில் தேங்கியிருக்கும் அம்மோனியாவின் விஷம் கூடிவிடும். நான் ஒருமுறை அவசரப்பட்டு பாதித் தொட்டியை மாற்றிவிட்டு, மறுநாள் காலையில் வலையும் கையுமாக நின்றேன்.

ஒரு விஷயம்: டிடிஎஸ் மீட்டருக்கு உப்பும் ஒன்றுதான், கால்சியமும் ஒன்றுதான். கடலோரத்து போர் என்றால் அந்த 1200-ல் பெரும்பகுதி வெறும் உப்பாக இருக்கலாம். கார்பனேட் அளவைச் சொட்டு விட்டுப் பார்க்கும் கேஎச் கிட் மீன் கடையில் கிடைக்கும். கலந்த தண்ணீரில் 4-க்குக் கீழே காட்டினால், ஃபில்டருக்குள் ஒரு கைப்பிடி பவளத் துண்டு போடுங்கள்.

அப்புறம், மாதம் ஒருமுறை ஆர்.ஓ. தண்ணீரையும் அளந்து வையுங்கள். 50 என்பது 150, 200 என்று ஏறிக்கொண்டே போனால் மெஷினுக்குள் இருக்கும் மெம்பரேனை (வடிகட்டும் சவ்வை) மாற்றும் நேரம் வந்துவிட்டது.