ஸ்கூட்டரின் பிக்கப்பும் டாப் ஸ்பீடும்: வேரியேட்டர் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: என்னுடைய 110 சிசி ஸ்கூட்டர் புதிதில் இழுத்ததுபோல் இப்போது இழுப்பதில்லை. எடை குறைந்த ரோலர் போட்டால் பழைய பிக்கப் வந்துவிடும் என்கிறார் நண்பர். போடலாமா ஐயா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முன்பு இருந்த இழுவை படிப்படியாகக் குறைந்திருந்தால், பெரும்பாலும் தேய்மானமே காரணம். ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், வால்வு இடைவெளி ஆகியவை சரியாக இருக்கின்றன என்று உறுதி செய்துகொண்டு, பிறகு வேரியேட்டரை (கியரைத் தானாக மாற்றித் தரும் முன் புல்லி அமைப்பு) திறந்து, அதற்குள் இருக்கும் சிறு எடைகளான ரோலர்களை ஒவ்வொன்றாக விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் தட்டையாகிவிட்ட ரோலர் உருளாமல் இழுபட்டுக்கொண்டே நகரும். வண்டி வேகமெடுக்கும்போது விட்டுவிட்டு இழுப்பதுபோல் தோன்றுவது இதனால்தான். அடுத்து, முன் புல்லியையும் பின் புல்லியையும் இணைக்கும் பெல்ட்டின் அகலத்தை வெர்னியர் அளவுகோலால் அளந்து, சர்வீஸ் கையேட்டில் உள்ள தேய்மான எல்லையோடு ஒப்பிடுங்கள். அகலம் குறைந்த பெல்ட் புல்லிகளுக்குள் ஆழமாக இறங்கி உட்காருவதால், புறப்படும்போது இழுவையும் குறையும், கடைசி வேகமும் குறையும். தேய்ந்த பெல்ட்டை வைத்துக்கொண்டு ரோலர் எடையை மாற்றிப் பார்ப்பவருக்குச் சரியான விடை ஒருபோதும் கிடைக்காது.

கேள்வி: எடை கூடிய ரோலர், எடை குறைந்த ரோலர் இரண்டில் எது நல்லது?

பதில்: எடையைத் தனியாக வைத்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. என்ஜின் சுழலும்போது ரோலர்கள் மையவிலக்கு விசையால் வெளிப்பக்கம் நகர்ந்து, முன் புல்லியின் நகரும் பாதியைத் தள்ளுகின்றன. பெல்ட் முன்னால் மேலேறுகிறது, பின் புல்லியில் ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு கீழிறங்குகிறது. சைக்கிளில் சிறிய கியரிலிருந்து பெரிய கியருக்கு மாறுவது போன்ற வேலைதான் இது. இங்கே இடைவெளியின்றி நடக்கிறது. எடை கூடிய ரோலர் குறைந்த ஆர்பிஎம்மிலேயே (என்ஜின் நிமிடத்துக்குச் சுழலும் எண்ணிக்கை) இந்த மாற்றத்தைத் தொடங்கிவிடும். எடை குறைந்தது, என்ஜின் இன்னும் வேகமாகச் சுழலும் வரை காத்திருக்கும்.

நாம் தேடுவது ஒன்றே ஒன்று: ஆக்சிலரேட்டரை முழுதாகத் திருகியிருக்கும்போது, வண்டியின் வேகம் ஏறிக்கொண்டே போனாலும், என்ஜின் தன் உச்சத் திறனைத் தரும் ஆர்பிஎம்மிலேயே நிலைத்து நிற்க வேண்டும். 110, 125 சிசி ஸ்கூட்டர்கள் பலவற்றில் அந்த உச்சம் 6,500 முதல் 8,000 ஆர்பிஎம் அளவில் இருக்கிறது. மைலேஜையும் அமைதியான ஓட்டத்தையும் கருதி, தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் அதற்குக் கீழேயே அமைத்துத் தருகிறார்கள். நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு அந்த இடைவெளிதான்.

ஆகவே கண்ணால் பார்க்கும் ஆர்பிஎம் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். ஸ்பார்க் பிளக் ஒயரில் சுற்றிவிட்டால் ஆர்பிஎம் காட்டும் சிறிய மீட்டர் போதும். ஒரே சாலையில் இரு திசையிலும் ஓட்டிப் பார்த்து, ரோலர் ஒவ்வொன்றுக்கும் அரை கிராம் மட்டும் மாற்றுங்கள். ரோலர் ஆறு என்றால் அதுவே மொத்தத்தில் 3 கிராம். இரண்டு எடைகளுக்கு நடுவே நிற்க வேண்டியிருந்தால் மூன்று மூன்றாக, ஒன்றுவிட்டு ஒன்று மாற்றி வைக்கலாம்.

கேள்வி: எடை குறைத்தபின் பிக்கப் அருமை, ஆனால் டாப் ஸ்பீடு குறைந்துவிட்டது. ஏன்?

பதில்: எடை அளவுக்கு மீறிக் குறைந்துவிட்டது. பெல்ட்டைக் கடைசி வரை தள்ளும் பலம் ரோலர்களுக்கு இல்லை. என்ஜினும் உச்சத்தைத் தாண்டிச் சுழன்று திறனை இழக்கிறது. உறுதி செய்துகொள்ள எளிய வழி உண்டு. முன் புல்லியின் உட்பரப்பில் மையத்திலிருந்து விளிம்பு வரை மார்க்கரால் ஒரு கோடு போட்டு, மூடியை மாட்டி முழு வேகத்தில் ஓட்டிவிட்டு வந்து திறந்து பாருங்கள். பெல்ட் தொட்ட இடம் வரை கோடு அழிந்திருக்கும். விளிம்புக்கு அருகே அகலமாக மை மிச்சம் இருந்தால் அரை கிராம் ஏற்றுங்கள்.

கேள்வி: பின் புல்லி ஸ்பிரிங்கைக் கடினமானதாக மாற்றினால் மேட்டில் நன்றாக ஏறும் என்கிறார்களே?

பதில்: மேட்டில் சுமை கூடும்போது கியர் விகிதம் சீக்கிரம் இறங்கும் என்பது உண்மை. ஆனால் பெல்ட்டை அது எந்நேரமும் கூடுதலாக அழுத்திப் பிடிப்பதால் சூடும் தேய்மானமும் கூடுகின்றன. கடைசி வேகமும் குறையலாம். முதலில் பழைய ஸ்பிரிங்கின் நீளத்தை அளந்து, சோர்ந்திருந்தால் அதே அளவில் புதியது போடுங்கள். என்ஜின் திறன் கூட்டப்பட்டு பெல்ட் வழுக்கும் வண்டிக்குத்தான் கடினமான ஸ்பிரிங் தேவை.

கேள்வி: கிளட்ச் ஸ்பிரிங்?

பதில்: அது புறப்படும் கணத்தை மட்டுமே மாற்றும். சற்றுக் கடினமானது, என்ஜின் நல்ல இழுவைக்கு வந்தபின் கிளட்சைப் பிடிக்க வைக்கும். மிகவும் கடினமானது, கிளட்ச் ஷூக்களை நெடுநேரம் வழுக்கவைத்து எரித்துவிடும். கிளட்ச் டிரம்மில் நீல நிறம் படிந்திருப்பதைக் கண்டால் ஒரு படி இறங்கிவிடுங்கள்.

கேள்வி: மைலேஜ் குறையுமா?

பதில்: குறையும். ஆர்பிஎம் ஏறினால் பெட்ரோலும் கூடவே போகும்.

கேள்வி: இப்போது 80 கிலோமீட்டர் வேகம் போகிறது. வேரியேட்டரை மாற்றி 100-ஐத் தொட முடியுமா?

பதில்: முடியாது. காற்றின் எதிர்ப்பை வெல்லத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடியாக உயர்கிறது. 80-இலிருந்து 100-க்குப் போக அது ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. இருக்கும் திறனை முழுதாகச் சக்கரத்துக்குக் கொண்டுசேர்ப்பதே வேரியேட்டரின் வேலை. இல்லாத திறனை அது உண்டாக்காது. பின்சக்கர கியர் விகிதத்தை மாற்றுவதும் அப்படித்தான்: கடைசி வேகத்துக்காக மாற்றினால் பிக்கப்பை இழப்பீர்கள், என்ஜினில் மிச்சத் திறன் இல்லையென்றால் அந்த வேகமும் வராது.

கேள்வி: வீட்டிலேயே கழற்றி மாட்டலாமா?

பதில்: புல்லியைப் பிடித்துக்கொள்ளும் கருவியும், நட்டை அளவாக இறுக்க உதவும் டார்க் ரெஞ்சும் இருந்தால் முன்பக்க வேலையைச் செய்யலாம். காற்றுக்காக உள்ள புல்லித் துடுப்புகளில் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்துப் பிடிக்காதீர்கள், உடைந்துவிடும். ரோலருக்கு கிரீஸ் இடுவதா, உலர்வாக விடுவதா என்பது வண்டிக்கு வண்டி மாறும்; கையேட்டைப் பாருங்கள். பெல்ட்டிலும் புல்லி முகத்திலும் மட்டும் எண்ணெய்ப் பசை துளியும் கூடாது. பின் புல்லியின் நட்டை, ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்காமல் கழற்றுவது ஆபத்து; அது முகத்துக்கு நேராகத் தெறிக்கும்.

பலரும் தவறவிடும் இடம் மாட்டும்போதுதான். பின் புல்லியைக் கையால் விரித்து பெல்ட்டை அதன் ஆழத்துக்கு இறக்குங்கள்; அப்போதுதான் முன்னால் பெல்ட் தளர்வாக நிற்கும். அப்படிச் செய்யாவிட்டால் முன் புல்லியின் வெளிப்பாதி, நடுவே இருக்கும் புஷ்ஷில் (உலோகக் குழாயில்) போய் உட்காராமல் பெல்ட்டின் மேல் உட்காரும். நட் இறுகிவிட்டதுபோலவே தோன்றும். சிறிது தூரம் ஓடியதும் பெல்ட் நகர, நட் தளர்ந்து, என்ஜினின் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் பற்களை அரைத்துவிடும். நட்டை இறுக்கியபின் முன் புல்லியில் பெல்ட்டை விரலால் அசைத்துப் பாருங்கள். தாராளமாக அசைந்தால் மட்டுமே மூடியை மாட்டி என்ஜினை இயக்குங்கள்.