கருவி கத்தவில்லை என்றால் கேபிள் இல்லையா?

கேள்வி: சுற்றுச்சுவருக்கு அஸ்திவாரம் தோண்ட வேண்டும். மண்ணுக்குள் புதைந்த கேபிளைத் தேடும் கேபிள் லொக்கேட்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, பவர் மோடில் வைத்து இடம் முழுக்க நடந்து பார்த்தேன். எங்கேயும் சத்தமே வரவில்லை. தைரியமாகத் தோண்டலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். அந்தக் கருவிக்குக் கேபிள் தெரியாது. கேபிளில் ஓடும் மின்னோட்டம் சுற்றிலும் உண்டாக்கும் காந்தப்புலம்தான் தெரியும். பவர் மோடில் அது தேடுவது 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை. தெருவிளக்கு கேபிள் பகலில் சும்மா கிடந்தால் அதில் ஓட்டம் இல்லை, கருவியும் வாயைத் திறக்காது. இதைவிட மோசம், மூன்று ஃபேஸிலும் லோடு சமமாக ஓடுகிற பெரிய கேபிள். ஒரு ஃபேஸின் புலத்தை மற்ற இரண்டும் சேர்ந்து அடித்துவிடுவதால் வெளியே வருவது மிச்சம் மீதிதான், ஆக எதை வெட்டினால் உயிருக்கே ஆபத்தோ அதுவே சில நேரம் சத்தமில்லாமல் கிடக்கும்.

ரேடியோ மோடிலும் ஒரு சுற்று நடங்கள். தூரத்து ரேடியோ நிலையங்களின் தாழ் அதிர்வெண் அலைகள் நீளமான உலோகக் குழாயிலும் கேபிளிலும் ஏறிக்கொள்ளும், அதை இந்த மோடு பிடிக்கும். நடக்கும்போது ரிசீவரை, அதாவது கையில் பிடிக்கும் கருவியை, நிமிர்த்தி, தரையை ஒட்டிப் பிடியுங்கள், வீசி வீசி ஆட்ட வேண்டாம். நீளவாக்கில் நடந்தால் போதாது, குறுக்கிலும் நடக்க வேண்டும். நீங்கள் நடக்கும் திசையிலேயே ஓடும் லைன் (கேபிளோ பைப்போ) மாட்டாமல் போக வாய்ப்பு அதிகம். அப்புறம், கூடவே வந்த டிரான்ஸ்மிட்டரை, அதாவது லைனில் சிக்னல் ஏற்றும் கருவியை, உறையிலிருந்து வெளியே எடுங்கள். பாதிப் பேர் அதைத் தொடுவதே இல்லை.

கேள்வி: டிரான்ஸ்மிட்டர் போட்டால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இடத்தில் சிக்னல் வருகிறது. எது என் லைன்?

பதில்: சிக்னலை எப்படிக் கொடுத்தீர்கள் என்று எழுதவில்லையே. டிரான்ஸ்மிட்டரைத் தரையில் வைத்து, கம்பி எதுவும் இணைக்காமல் இண்டக்‌ஷனில் விட்டிருந்தால், கீழே இருக்கிற எல்லா உலோகத்திலும் சிக்னல் ஏறும். அதோடு ரிசீவரை டிரான்ஸ்மிட்டருக்குப் பக்கத்தில் வைத்திருந்தால் அது மண்ணுக்குள்ளிருந்து வருவதை விட்டுவிட்டுக் காற்றிலேயே நேராக டிரான்ஸ்மிட்டரின் சிக்னலைப் பிடித்துக்கொள்ளும். குறைந்தது பத்து மீட்டராவது தள்ளிப் போங்கள்.

முடிந்தவரை நேரடி இணைப்பு கொடுங்கள். உலோகத் தண்ணீர் பைப் என்றால் வால்வில் பெயின்ட்டையும் துருவையும் சுரண்டிவிட்டு ஒரு கிளிப், இன்னொரு கிளிப் மண்ணில் அடித்த எர்த் ராடில். ராடை லைனுக்குச் செங்குத்தான திசையில், தள்ளி அடிக்க வேண்டும். வேறு பைப்பிலோ வேலிக் கம்பியிலோ மாட்டிவிடாதீர்கள், சிக்னல் அது வழியாகத் திரும்பி வந்து ஆளைச் சுற்றலில் விடும். மின்சாரம் ஓடும் கம்பியில் கிளிப் மாட்டவே கூடாது. அதற்குக் கேபிளைச் சுற்றிப் பிடிக்கும் கிளாம்ப் உண்டு, அதையும் எலக்ட்ரீஷியன் மாட்டட்டும்.

அதிர்வெண்ணையும் பாருங்கள். 33 கிலோஹெர்ட்ஸ் சுலபமாக ஏறும், அதே சுலபத்தில் பக்கத்து லைனுக்கும் தாவும். 8 கிலோஹெர்ட்ஸ் அவ்வளவு தாவாது, 512 ஹெர்ட்ஸ் இன்னும் ஒழுங்கு, ரொம்ப தூரமும் போகும், ஆனால் நேரடி இணைப்பு இல்லாமல் அதை ஏற்ற முடியாது.

இதற்குப் பிறகும் இரண்டு இடத்தில் வந்தால் சத்தத்தை நம்பாதீர்கள். ஆழமில்லாத பக்கத்து லைன் தாவிவந்த கொஞ்ச சிக்னலை வைத்துக்கொண்டே பெரிதாகக் கத்தும். ரிசீவரில் மில்லி ஆம்பியர் காட்டும் வசதி இருந்தால் அதைப் பாருங்கள். அது ஆழத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்வதால், எதில் அதிகமோ பெரும்பாலும் அதுதான் உங்கள் லைன். பீக் மோடில் (லைனுக்கு நேர் மேலே சத்தம் உச்சமாகும்) ஒரு இடம், நல் (null) மோடில் (லைனுக்கு நேர் மேலே சத்தம் அடங்கும்) வேறு இடம் என்று காட்டினால் அங்கே புலம் கோணிக் கிடக்கிறது என்று அர்த்தம், குறி போடாமல் நகருங்கள்.

கேள்வி: ஆழம் 80 சென்டிமீட்டர் என்று காட்டுகிறது. 60 வரை இயந்திரத்தை விடலாமா?

பதில்: கூடாது. கருவி சொல்வது லைனின் மையம் வரைக்குமான ஆழம், பைப்பின் மேல்முதுகு அதற்கும் மேலே இருக்கும். ரிசீவரை 30 சென்டிமீட்டர் தூக்கிப் பாருங்கள். 110 காட்ட வேண்டும். 95, 130 என்று வந்தால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள். வளைவிலும் கிளை பிரியும் இடத்திலும் ஆழம் எடுக்கவே எடுக்காதீர்கள். எண் சரியாக வந்தாலும் லைனைக் கண்ணால் பார்க்கும்வரை கைத்தோண்டல்தான். குறியிலிருந்து தள்ளி ஆரம்பித்துப் பக்கவாட்டில் மண்வெட்டியால் வாருங்கள், கடப்பாரையை நேர் கீழே இறக்க வேண்டாம்.

கேள்வி: பிளாஸ்டிக் பைப்பைக் கண்டுபிடிக்குமா?

பதில்: கண்டுபிடிக்காது. புதைத்தவர்கள் கூடவே ட்ரேசர் வயர், அதாவது தேடிப் பிடிப்பதற்கென்றே ஒரு உலோகக் கம்பி, போட்டிருந்தால் அதில் சிக்னல் ஏற்றிப் பிடிக்கலாம். பைப்பைத் திறக்க முடிந்தால், சிக்னல் அனுப்பும் சின்ன சோண்டு ஒன்றை ராடில் கட்டி உள்ளே தள்ளி, மேலிருந்து பின்தொடரலாம். இரண்டுக்கும் வழியில்லை என்றால் தரை ஊடுருவும் ரேடார்தான், ஈரக் களிமண்ணில் அதுவும் திணறும்.