நியமனக் கடிதத்தில் சம்பளம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: யாழ்ப்பாண நகரில் ஒரு புடைவைக் கடையில் மூன்று வருடங்களாக வேலை செய்கிறேன். மாதச் சம்பளம் 45,000 ரூபா. நியமனக் கடிதத்தில் அடிப்படைச் சம்பளம் 30,000 என்றும், மிகுதி வாழ்க்கைச் செலவுப் படி, உணவுப் படி என்றும் பிரித்திருக்கிறார்கள். ஊழியர் சேமலாப நிதியத்துக்கு 30,000 ரூபாவுக்கு மட்டுமே கட்டுகிறார்கள். இது சரியா?

பதில்: சரியல்ல. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதியச் சட்டத்தின்படி, பங்களிப்பைக் கணிக்கும்போது அடிப்படைச் சம்பளத்தோடு வாழ்க்கைச் செலவுப் படியையும் உணவுப் படியையும் சேர்த்தாக வேண்டும். மேலதிக நேரக் கொடுப்பனவு அதில் சேராது. ஆகவே உங்கள் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் 45,000 ரூபாவுக்கே கணிக்கப்பட வேண்டும். மாதந்தோறும் 9,000 ரூபா சேரவேண்டிய கணக்கில் 6,000 ரூபாதான் சேர்கிறது. மூன்று வருடங்களில் இந்தக் குறைவு, வட்டியைச் சேர்க்காமலே, 108,000 ரூபா. முதலாளி மட்டும் செலுத்தவேண்டிய 3 வீத ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியப் பங்களிப்பும் இதேபோல் குறைந்திருக்கும். பிடிப்பு குறைந்தால் கைக்கு வரும் காசு கூடுகிறதே என்று பலர் பேசாமல் இருந்துவிடுவது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. ஓய்வூதியம் இல்லாத தனியார் துறை ஊழியருக்கு முதுமையில் கைகொடுக்க இருப்பது பெரும்பாலும் இந்தச் சேமிப்புத்தான். சம்பளப் பற்றுச்சீட்டுகளையும் கடிதத்தின் பிரதியையும் எடுத்துக்கொண்டு, தொழில் திணைக்களத்தின் யாழ்ப்பாண அலுவலகத்தில் முறையிடுங்கள். நிலுவையை மிகைக் கட்டணத்தோடு முதலாளியிடமிருந்து அறவிடும் அதிகாரம் திணைக்களத்துக்கு உண்டு.

கேள்வி: தகுதிகாண் காலமான ஆறு மாதங்களுக்குச் சேமலாப நிதி கிடையாது என்று என் கடிதத்தில் எழுதியிருக்கிறது. நானும் கையொப்பமிட்டுவிட்டேன்.

பதில்: வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே பங்களிப்புச் செலுத்தப்பட வேண்டும். உங்கள் கையொப்பம் அந்த உரிமையை நீக்காது.

கேள்வி: நல்லூர்த் திருவிழாக் காலத்தில் இரவு பத்து மணி வரை கடையில் நிற்கிறோம். 'மேலதிக நேர வேலைக்கான பணமும் சம்பளத்துக்குள் அடங்கும்' என்று ஒப்பந்தத்தில் இருப்பதால் எதுவும் தருவதில்லை.

பதில்: கடை, அலுவலக ஊழியர் தொடர்பான 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டப்படி சாதாரண வேலைநேரம் நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம். அதற்கு மேற்பட்ட நேரத்துக்கு மணித்தியாலச் சம்பளத்தின் ஒன்றரை மடங்கு தரப்பட வேண்டும். சட்டம் தரும் இந்த உரிமையை ஒப்பந்தத்தின் ஒரு வரியால் எடுத்துவிட முடியாது. மேலதிக வேலையும் வாரத்தில் 12 மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது. இருபத்தைந்து நாள் திருவிழாவென்பது அதற்கு விதிவிலக்கு ஆகாது. நின்ற நேரத்தைத் திகதிவாரியாக ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள், முறைப்பாடு செய்யும்போது அது உதவும்.

கேள்வி: எனக்கு நியமனக் கடிதமே தரவில்லை, எல்லாம் வாய்ப்பேச்சுத்தான். மாதச் சம்பளமோ அடுத்த மாதம் இருபதாம் திகதிக்குப் பிறகுதான் வருகிறது. சுன்னாகத்தில் ஒரு அலுவலகத்தில் வேலை.

பதில்: வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தமே. ஆனாலும் வேலை நிபந்தனைகளை எழுத்தில் தரவேண்டியது முதலாளியின் கடமை, அதைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். மாதச் சம்பளம் மாதம் முடிந்து பத்து நாட்களுக்குள் கொடுக்கப்பட வேண்டும். வங்கி வரவுகளும் கைபேசிச் செய்திகளும் சான்றாகும், அவற்றை அழித்துவிடாதீர்கள்.